ஏற்றத்தில் சூடாகும் மோட்டார்: மின் பைக்குக்குக் காற்றுக் குளிர்ச்சி போதுமா?

நாமக்கல் மாவட்டம் காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பெட்ரோல் பைக்கில் அந்தச் சாலையில் ஏறுபவர் கியரைக் குறைத்துக்கொண்டே போவார். கியரே இல்லாத மின் பைக்கில் ஏறுபவருக்கு அந்த வசதி கிடையாது. சாலை எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் ஒரே பல்விகிதத்தில், ஒரே மோட்டார் முழு இழுவையையும் கொடுத்தாக வேண்டும். இருவர் அமர்ந்து வெயிலில் ஏறும்போது மோட்டாரின் வெப்பம் எல்லையைத் தொட்டால், கன்ட்ரோலர் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பேட்டரியில் சார்ஜ் இருக்கும், ஆக்ஸிலரேட்டரும் முழுக்கத் திருகப்பட்டிருக்கும், ஆனாலும் வண்டி தளரும்.

இந்தத் தளர்ச்சியைத் தடுக்க மூன்று வழிகள் உண்டு. மோட்டாரைப் பெரிதாக்கலாம். நீரோ எண்ணெயோ ஓட்டிக் குளிர்விக்கலாம். அல்லது விசிறி வைத்துக் காற்றை அழுத்தி வீசலாம். முதல் இரண்டையும் தயாரிப்பாளர்கள் நிறையவே செய்து பார்த்துவிட்டார்கள். மூன்றாவது வழிக்கு மின் பைக் உலகில் இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை. வெப்ப நாடுகளின் நடுத்தர விலை வண்டிகளுக்கு அதுவே பொருத்தமானது என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஆனால் விசிறியை எங்காவது மாட்டிவிட்டால் மட்டும் அந்தப் பலன் கிடைக்காது.

சமவெளியும் மலையும்: ஒரு கணக்கு

வண்டி 120 கிலோ, இருவர் சேர்ந்து 140 கிலோ, ஆக மொத்தம் 260 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் சேர்ந்து ஏறத்தாழ 134 நியூட்டன் விசையைக் கேட்கும். அதற்குச் சக்கரத்தில் சுமார் 2.2 கிலோவாட் திறன் வேண்டும். அதே வண்டி 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறும்போது தேவைப்படும் விசை ஏறத்தாழ 259 நியூட்டன். திறனோ 1.8 கிலோவாட்தான்.

மலையில் திறன் குறைந்திருக்கிறது, விசை மட்டும் இரட்டிப்புக்கு அருகே போயிருக்கிறது. மோட்டாரின் முறுக்குவிசை மின்னோட்டத்துக்கு ஏற்ப அமைவது. செப்புச் சுருளில் உண்டாகும் வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். எனவே விசை 1.9 மடங்கானால் சுருளின் வெப்பம் மூன்றரை மடங்கைத் தாண்டிவிடும். அதே நேரத்தில் மோட்டார்மீது படும் காற்றின் வேகம் 60-லிருந்து 25-ஆக இறங்கிவிட்டது. வெப்பம் ஏறுகிற நேரத்தில்தான் காற்று குறைகிறது. வண்டி ஓடும்போது வீசும் காற்றை மட்டும் நம்பிய வடிவமைப்பு மலைப்பாதையில் திணறுவதற்கு இந்த முரணே காரணம்.

குறுகிய ஏற்றங்கள் பிரச்சினை இல்லை. மோட்டாரின் இரும்பும் செம்பும் அலுமினியமும் தாமே கொஞ்சம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். 10 கிலோ மோட்டாரில் 400 வாட் வெப்பம் உண்டாகி, அது வெளியே போகவே வழியில்லை என்றாலும், சராசரி வெப்பநிலை நிமிடத்துக்கு 5 டிகிரி செல்சியஸ் அளவில்தான் ஏறும். கத்திப்பாரா மேம்பாலத்தைக் கடக்க எந்த மோட்டாருக்கும் குளிர்ச்சி தேவைப்படாது. பத்து நிமிட ஏற்றத்தில் 50 டிகிரிக்கு மேல் கூடும். அரை மணி நேர மலைப்பாதையில் குளிர்ச்சி இல்லாத மோட்டார் தாக்குப்பிடிக்க முடியாது.

வெப்பம் எதையெல்லாம் கெடுக்கிறது?

முதலில் பாதிக்கப்படுவது செப்புக் கம்பியின்மேல் உள்ள எனாமல் பூச்சு. காப்புப் பொருள்களை அவை தாங்கும் வெப்பத்தை வைத்து வகுத்திருக்கிறார்கள்: பி வகைக்கு 130 டிகிரி, எஃப் வகைக்கு 155, ஹெச் வகைக்கு 180. ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் காப்பின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் கணக்கு. அமெரிக்கப் பொறியாளர் மான்ட்சிங்கர் 1930-இல் வெளியிட்ட ஆய்வையொட்டி அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ரீவைண்டிங் பட்டறையில் மோட்டாரைப் பிரித்ததும் கருகிய வார்னிஷ் நெடி அடித்தால், மோட்டாரின் அசையாப் பகுதியான ஸ்டேட்டரின் இரு முனைகளிலும் வெளியே வளைந்து நிற்கும் சுருள் முனைகள் கறுத்திருந்தால், காரணத்தைத் தேட வேண்டியதில்லை. மோட்டாரின் மிகச் சூடான இடங்களில் ஒன்று அந்தச் சுருள் முனைதான்.

அடுத்தது காந்தம். இன்றைய மின் பைக் மோட்டார்களில் பெரும்பாலானவை நியோடிமியம் காந்தங்களைக் கொண்டவை. சாதாரண ரகம் 80 டிகிரி வரைதான் தாங்கும். ஹெச் ரகம் 120, எஸ்ஹெச் ரகம் 150, யுஹெச் ரகம் 180 டிகிரி வரை தாங்கும். எல்லைக்கு உள்ளேயும் ஒவ்வொரு டிகிரிக்கும் காந்தப்புலம் ஏறத்தாழ 0.12 சதவீதம் குறையும், குளிர்ந்ததும் திரும்பிவிடும். எல்லையைத் தாண்டிவிட்டால் போன காந்தம் திரும்பாது. அந்த மோட்டார் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதே இழுவைக்கு அதிக மின்னோட்டம் கேட்கும், அதனால் இன்னும் அதிகம் சூடாகும்.

மூன்றாவது, செம்பின் மின்தடை. 20 டிகிரியில் இருந்த தடை 120 டிகிரியில் 39 சதவீதம் கூடிவிடுகிறது. சூடு தடையைக் கூட்டுகிறது, தடை சூட்டைக் கூட்டுகிறது. மோட்டார் சூடாக ஓடுவது ஆயுளுக்கு மட்டும் கேடல்ல, ஒரு சார்ஜில் போகும் தூரத்தையும் அது குறைக்கிறது.

காற்றால் எவ்வளவு வெப்பத்தைச் சுமக்க முடியும்?

வெப்பத்தைச் சுமப்பதில் காற்று பலவீனமானது. ஒரே கன அளவில், ஒரே வெப்பநிலை உயர்வுக்கு, நீர் காற்றைவிட ஏறத்தாழ 3,500 மடங்கு வெப்பத்தை எடுத்துச் செல்லும். 400 வாட் வெப்பத்தை அகற்ற, நீர் 5 டிகிரி மட்டும் சூடாக வேண்டுமென்றால், நிமிடத்துக்கு ஒன்றேகால் லிட்டருக்கும் குறைவான ஓட்டம் போதும். காற்று 20 டிகிரி சூடாகலாம் என்று தளர்வு கொடுத்தாலும் வினாடிக்கு 18 லிட்டர் தேவை. மணிக்கு 63 கன மீட்டர் என்றும் சொல்லலாம். கடையில் விசிறி விற்பவர் இதையே ஏறத்தாழ 37 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 37 கன அடி, என்பார்.

எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கையில் அடங்கும் 12 வோல்ட் புளோயர் தரக்கூடிய ஓட்டம்தான் அது.

ஓட்டத்தைவிடப் பெரிய மாற்றம் மோட்டாரின் உடலில் நடக்கிறது. அசைவற்ற காற்றில் சூடான பரப்பு ஒன்று, ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் சதுர மீட்டருக்கு 5 முதல் 10 வாட் வரைதான் வெப்பத்தை விடும். அழுத்தி வீசும் காற்றில் அது 25 முதல் 100 வரை போகும். வெப்பம் விடும் தகடுகளான ஃபின்களையும் சேர்த்து 0.2 சதுர மீட்டர் பரப்புள்ள மோட்டார் உறையை எடுத்துக்கொள்வோம். அசைவற்ற காற்றில் 400 வாட்டை வெளியேற்ற, உறை சுற்றுப்புறத்தைவிட 250 டிகிரி சூடாக வேண்டும். அதற்குள் மோட்டார் எரிந்துவிடும். சதுர மீட்டருக்கு 40 வாட் என்ற மிதமான வீச்சு கிடைத்தால் 50 டிகிரி வேறுபாடு போதும். 40 டிகிரி வெயிலில் உறை 90 டிகிரியில் நிற்கும். ஹெச் வகைக் காப்பும் எஸ்ஹெச் ரகக் காந்தமும் உள்ள மோட்டாருக்கு அது வாழக்கூடிய நிலை.

ஸ்கூட்டரும் ரயில் எஞ்சினும் சொல்லித் தந்தவை

இந்தச் சிக்கலை இருசக்கர வண்டி ஏற்கெனவே ஒருமுறை சந்தித்துத் தீர்த்திருக்கிறது. 1946-இல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரைக் கொண்டுவந்தபோது எஞ்சினைத் தகட்டு உடலுக்குள் மறைத்தது. எதிர்க்காற்று படாத எஞ்சினுக்கு ஃப்ளைவீலிலேயே விசிறி இதழ்களை அமைத்து, சிலிண்டரைச் சுற்றி ஓர் உறை போட்டு, காற்றை ஃபின்களின் இடுக்கு வழியே தள்ளினார்கள். பஜாஜ் சேத்தக்கும் லாம்பரெட்டாவும் அதே ஏற்பாட்டில்தான் பல பத்தாண்டுகள் இந்தியச் சாலைகளில் ஓடின. ஹோண்டா ஆக்டிவா வரை அந்த மரபு தொடர்ந்தது. உறை கழன்றாலோ உடைந்தாலோ விசிறி சுற்றியும் பயனில்லை, எஞ்சின் பிடித்துவிடும் என்பது ஸ்கூட்டர் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். காற்றை உண்டாக்குவது பாதி வேலை, அதை ஃபின்களின் வழியே ஒழுங்காகப் போகவைப்பது மீதிப் பாதி.

மின்மோட்டாருக்கு அந்த ஏற்பாட்டை அப்படியே எடுக்க முடியாது. பெட்ரோல் எஞ்சின் ஏற்றத்தில் திணறும்போது கியர் குறைக்கப்பட்டு அதன் சுற்று வேகம் கூடுகிறது, விசிறியும் வேகமாகச் சுற்றுகிறது. கியர் இல்லாத மின்மோட்டார் ஏற்றத்தில் மெதுவாகத்தான் சுற்றும். தண்டிலேயே பொருத்திய விசிறியின் காற்றோட்டம் சுற்று வேகத்துக்கு ஏற்பவும், அழுத்தம் அதன் வர்க்கத்துக்கு ஏற்பவும் குறையும். 60-லிருந்து 25-க்கு வேகம் இறங்கினால் ஓட்டம் பாதிக்கும் கீழே போகும், அழுத்தமோ ஆறில் ஒரு பங்குதான் மிஞ்சும். சமவெளியில் தேவைக்கு மேல் வீசி, மலையில் கைவிடும் விசிறி அது.

தொழிற்சாலை மோட்டார்களில் இந்த வேறுபாட்டுக்குத் தனித் தனிப் பெயரே உண்டு. தண்டில் விசிறி பூட்டிய மோட்டார் ஐசி 411, தனி மோட்டாரால் ஓடும் விசிறி வைத்தது ஐசி 416. வேகத்தை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டிய, குறைந்த வேகத்திலும் முழு இழுவை தேவைப்படும் இடங்களில் இரண்டாவது வகையைப் போடுவது வழக்கம். மின் பைக்கின் தேவை அச்சாக அதுவே.

ரயில்வே இதைப் பெரிய அளவில் செய்துகாட்டுகிறது. ஈரோடு, ராயபுரம் பணிமனைகளைச் சேர்ந்த டபிள்யூஏபி-7 எஞ்சின்கள் 6,000 குதிரைத்திறனுக்கு மேல் கொண்டவை. அவற்றின் டிராக்‌ஷன் மோட்டார்களுக்குள் தனி புளோயர்கள் காற்றைத் தள்ளுகின்றன. கனமான ரயிலை நிலையத்திலிருந்து நகர்த்தும் நேரத்தில்தான் மோட்டாருக்கு மின்னோட்டம் அதிகம், வேகம் ஏறத்தாழ சுழி. சக்கரம் சுற்றினால்தான் காற்று என்ற ஏற்பாடு அங்கே உதவாது. வேகத்தோடு தொடர்பற்ற புளோயர் அதனால்தான் கட்டாயமாகிறது.

பந்தயத்தில் தொடங்கிய கதை

மின் பைக்கின் நவீன வரலாற்றில் காற்றால் குளிரும் மோட்டாருக்கு ஒரு கௌரவமான இடம் இருக்கிறது, அதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. 2009 ஜூன் 12 அன்று ஐல் ஆஃப் மேன் தீவின் 60 கிலோமீட்டர் மலைச்சுற்றில் மின் பைக்குகளுக்கான முதல் டிடிஎக்ஸ்ஜிபி பந்தயம் நடந்தது. வென்றவர் ராப் பார்பர். ஓட்டியது அக்னி அணியின் பைக்: சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் சட்டத்தில் இரண்டு அக்னி மோட்டார்கள். அந்த மோட்டாரின் மூலவடிவம் பிரிட்டிஷ் கண்டுபிடிப்பாளர் செட்ரிக் லின்ச்சுடையது, அதைத் தயாரித்தது குஜராத்தின் அக்னி மோட்டார்ஸ். சராசரி வேகம் மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டியது. தட்டையான வட்ட வடிவில், கார்பன் பிரஷ்களோடு, சுழலும் சுருளின் இடைவெளிகளில் காற்று நேரடியாகப் புகுந்து வெளியேறும் மோட்டார் அது. வீட்டுப் பட்டறையில் மின் பைக் கட்டிய பலர் அந்த வகை மோட்டார்களைத்தான் வாங்கினார்கள். படகு எஞ்சின் அறையின் ஆவியை வெளியேற்றும் 12 வோல்ட் புளோயரை ஒரு குழாயால் இணைத்து அவற்றுக்குக் காற்று ஊட்டினார்கள்.

பந்தய வேகம் கூடக்கூட அந்த வழி பின்தங்கியது. 2012-இல் அதே தீவில் மணிக்கு 100 மைல் சராசரியைக் கடந்து மைக்கேல் ரட்டர் ஓட்டிய மோட்டோசிஸ் பைக்கும், 2019-இல் அவரே ஏறத்தாழ 196 கிலோமீட்டர் சராசரியில் ஓட்டிய முகென் ஷிண்டென் பைக்கும் திரவக் குளிர்ச்சி கொண்டவை. முகென் மோட்டாருக்கு எண்ணெய்க் குளிர்ச்சி. மோட்டோஇ பந்தயத்துக்கு 2023-இல் டுகாட்டி கொடுத்த பைக்கில் 21 கிலோ மோட்டார் 110 கிலோவாட் தந்தது. அந்தத் திறன் அடர்த்திக்கு நீரைத் தவிர வேறு வழியில்லை. 2013-இல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்தில் எல்லாப் பெட்ரோல் பைக்குகளையும் முந்தி கார்லின் டன் வென்ற லைட்னிங் பைக்கும் திரவக் குளிர்ச்சி கொண்டதே. 4,300 மீட்டர் உயரச் சிகரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் 60 முதல் 65 சதவீதம்தான் என்பதால், அங்கே காற்றுக்குச் சுமக்கும் வலுவும் அந்த அளவு குறையும். உதகை உயரத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கிடைக்கிறது. லடாக் கணவாய்களில் பாதியை ஒட்டி இறங்கிவிடுகிறது. மலைக்கென்று விசிறியைத் தேர்ந்தெடுப்பவர் இந்தக் கழிவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சாலை வண்டிகள் எடுத்த முடிவுகள்

சாலை பைக்குகளில் இரு முகாம்கள் உருவாயின. கலிஃபோர்னியாவின் ஜீரோ நிறுவனம் விசிறியோ பம்போ இல்லாத எளிமையைப் பற்றிக்கொண்டது. 2019-இல் வந்த அதன் எஸ்ஆர்/எஃப் பைக் 82 கிலோவாட் உச்சத்திறன் கொண்டதாக இருந்தும், மோட்டார் இயல்பான காற்றில் மட்டுமே குளிர்கிறது. அதைச் சாத்தியமாக்க அந்நிறுவனம் மோட்டாரின் உள்ளமைப்பையே மாற்றியது. 2016 மாடல்களில் காந்தங்களைச் சுழலும் பகுதியான ரோட்டருக்குள் புதைத்து, நீடித்த வேகத்தில் சூடு குறைய வழி செய்தது. மறு முகாமில் பிராம்மோ எம்பல்ஸ், ஹார்லியின் லைவ்வயர், பிஎம்டபிள்யூவின் சிஇ 04 ஆகியவை நீர் ஓடும் மோட்டாரைத் தேர்ந்தன.

ஒரே நிறுவனம் இரு பாதையிலும் போனதை பிஎம்டபிள்யூவிடம் பார்க்கலாம். 31 கிலோவாட் சிஇ 04 ஸ்கூட்டருக்கு நீர். ஓசூர் டிவிஎஸ் ஆலையில் தயாராகும் 11 கிலோவாட் சிஇ 02-வுக்குக் காற்று. ஜீரோ போன்ற விதிவிலக்கு நீங்கலாக, பத்துப் பதினைந்து கிலோவாட் வரை காற்றின் ஆட்சி, அதற்கு மேல் நீரின் ஆட்சி என்று ஒரு தோராயமான எல்லைக்கோட்டை இதிலிருந்து வரைய முடியும். இந்தியாவில் அன்றாடம் ஓடும் மின் ஸ்கூட்டர்களும் பைக்குகளும் ஏறத்தாழ எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன.

நீர்க்குளிர்ச்சியின் விலையையும் சொல்ல வேண்டும். பம்பு, ரேடியேட்டர், குழாய்கள், கூலன்ட், இவற்றின் எடை, கசிவு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வருகின்றன. நீர் எடுத்துவந்த வெப்பமும் கடைசியில் ரேடியேட்டரில் காற்றுக்குத்தான் போகிறது. மெதுவாக ஏறும் வண்டியில் அந்த ரேடியேட்டருக்கும் ஒரு விசிறி வேண்டியிருக்கிறது. ஐந்தாறு கிலோவாட் வண்டிக்கு இந்தச் சங்கிலி முழுவதையும் சுமத்துவது வாங்குபவருக்கும் மெக்கானிக்குக்கும் வீண் பாரம்.

வெளியே வீசுவதா, உள்ளே ஊதுவதா?

விசிறி வைப்பது என்று முடிவானால் அடுத்த கேள்வி, காற்று எதைத் தொட வேண்டும் என்பது. மூடிய மோட்டாரில் வெப்பம் ஒரு நீண்ட வழியில் நடந்து வருகிறது: செப்புக் கம்பியிலிருந்து காப்புத்தாளைக் கடந்து ஸ்டேட்டர் பற்களுக்கு, அங்கிருந்து ஸ்டேட்டரின் வெளிவளையத்துக்கு, பிறகு அலுமினிய உறைக்கு, கடைசியில் ஃபின்களுக்கு. உறைமீது வீசும் காற்று கடைசிப் படியை மட்டும்தான் எளிதாக்கும். கம்பிகளுக்கு இடையே காற்றுப் பைகள் இருந்தாலோ, ஸ்டேட்டர் உறையோடு இறுகப் பொருந்தாவிட்டாலோ, வெளியே எவ்வளவு வீசினாலும் உள்ளே சூடு அடைந்தே கிடக்கும். எனவே நல்ல வார்னிஷ் ஊட்டமும், சுருள் முனைகளை உறையோடு இணைக்கும் வெப்பம் கடத்தும் பிசினும் விசிறிக்கு முன்னதாகவே தேவை.

சக்கரத்தின் நடுவிலேயே அமையும் ஹப் மோட்டாரில் நிலை இன்னும் கடினம். ஸ்டேட்டர் உள்ளே, சுழலும் உறை வெளியே. இடையில் மெல்லிய காற்று இடைவெளி. உறைமீது வீசுவது கம்பளி போர்த்திப் படுத்தவருக்கு மின்விசிறி போடுவதைப் போன்றது. வான்கூவரின் கிரின் டெக்னாலஜிஸ் இதற்கு ஒரு நேர்த்தியான விடை கண்டது. ஸ்டேட்டரேட் என்ற காந்தத் திரவத்தைச் சில மில்லிலிட்டர் உள்ளே விட்டால், காந்தங்கள் அதை அந்த இடைவெளியிலேயே பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஸ்டேட்டரின் வெப்பம் திரவம் வழியே உறைக்குத் தாவுகிறது. அதன் பிறகுதான் உறைமீது படும் காற்றுக்கும் அதில் மாட்டும் ஃபின்களுக்கும் வேலை கிடைக்கிறது. பக்க மூடிகளில் துளையிட்டு உள்ளே காற்றை விடும் பழைய வழியும் ஆர்வலர்களிடையே உண்டு. சூடு குறையும் என்பது உண்மை, மழைநீர் புகும் என்பதும் உண்மை.

உள்ளே ஊதுவதன் பலம், காற்று சுருள் முனைகளை நேரே தொடுவது. நீண்ட வழி முழுவதையும் தாண்டி, வெப்பம் பிறக்கும் இடத்திலேயே எடுத்துவிடுகிறது. அதன் பலவீனமும் அங்கேதான். செம்மண் தூசி, பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத் துகள், மழைத்துளி எல்லாம் அதே வாசல் வழியே வரும். இரும்புத் துகளைக் காந்தம் விடவே விடாது. ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் இடையே ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளியில் அது தேங்கினால் உரசல் தொடங்கும். வடிகட்டி போடலாம். அதுவும் அடைத்துக்கொள்ளும். டொயோட்டா பிரியஸ் காரின் பேட்டரிக்கு அறைக் காற்றை இழுத்துத் தரும் விசிறியில் தூசியும் முடியும் அடைத்துப் பேட்டரி சூடான அனுபவம் உலகெங்கும் உரிமையாளர்களுக்கு உண்டு. கார் அறைக்குள்ளேயே அந்த நிலை என்றால், லாரிக்குப் பின்னால் போகும் பைக்குக்கு எவ்வளவு அடைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைத் தெருக்களில் வண்டிகள் முழுகிக் கிடந்ததைக் கண்டவர்கள் திறந்த மோட்டாரை விரும்ப மாட்டார்கள். ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக்கூடாது. இந்தியச் சாலைக்கு மூடிய மோட்டார்தான் சரி. அதன் உறையைச் சுற்றி ஸ்கூட்டர் பாணியில் இரண்டாவது மெல்லிய உறை, அந்த இடைவெளியில் ஃபின்கள், அவற்றின் வழியே தனி புளோயரின் காற்று. புளோயர் நனைந்தாலும் புழுதி படிந்தாலும் மோட்டாரின் உட்புறம் பாதுகாப்பாக இருக்கும். ஃபின்களைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம்.

புளோயரும் குழாயும்

கம்ப்யூட்டர் பெட்டியில் இருப்பது போன்ற அச்சு விசிறி, தடையில்லாத வெளியில் நிறையக் காற்றைத் தள்ளும். குறுகிய ஃபின் இடுக்குகளின் எதிர்ப்பில் திணறிவிடும். பக்கவாட்டில் வீசும் நத்தைக்கூடு வடிவ புளோயர் அழுத்தம் கொடுப்பதில் வலுவானது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் பைக்கின் முன்புறத் திறப்பில் எதிர்க்காற்று தரும் அழுத்தம் சுமார் 160 பாஸ்கல். 20 கிலோமீட்டரில் அது வெறும் 18. சிறிய புளோயர்கள் பல, வண்டி நிற்கும்போதே 160 பாஸ்கலுக்கு மேல் தரக்கூடியவை. ஆகவே புளோயர் ஓடும் வண்டி, நின்ற இடத்திலேயே 60 கிலோமீட்டர் வேகக் காற்றைப் பெற்றுவிடுகிறது.

குழாயைச் சிக்கனமாகத் தேர்ந்தால் எல்லாம் கெடும். வினாடிக்கு 18 லிட்டர் காற்று 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் வினாடிக்கு 9 மீட்டர் வேகத்தில் போகும். அதைச் சமாளிக்கலாம். இரண்டரை சென்டிமீட்டர் குழாயில் அதே ஓட்டத்துக்கு வினாடிக்கு 36 மீட்டர் வேகம் வேண்டும். எந்தச் சிறு புளோயராலும் அது ஆகாது. வெளியேறும் வழி நுழைவழிக்குக் குறையாத அகலத்தில் இருக்க வேண்டும். காற்றை எடுக்கும் வாயைச் சீட்டுக்கு அடியில், சக்கரம் தெளிக்கும் சேற்றுக்கு எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது. கன்ட்ரோலருக்கும் அதே காற்றுதான் என்றால், முதலில் கன்ட்ரோலர், பிறகு மோட்டார் என்ற வரிசையில் போக வேண்டும். டிரான்சிஸ்டர்கள் மோட்டாரைவிடக் குறைந்த சூட்டைத்தான் தாங்கும்.

விசிறி தின்னும் மின்சாரம்

விசிறிக்குப் போகும் மின்சாரம் தூரத்தைக் குறைக்காதா என்பது நியாயமான கேள்வி. மேலே சொன்ன எண்களே பதில் தருகின்றன. ஏற்றத்தில் 140 டிகிரியில் ஓடும் சுருளில் 400 வாட் இழப்பு இருக்கிறது என்று கொள்வோம். புளோயர் அதை 100 டிகிரிக்கு இறக்கினால், செம்பின் தடை குறைந்து அதே இழுவைக்கு இழப்பு 357 வாட்டாகிறது. மிச்சம் 43 வாட். 12 வோல்ட் புளோயர் தின்பது 40 வாட் அளவு. குளிர்ந்த காந்தம் வலுப்பெறுவதால் மின்னோட்டமும் சற்றுக் குறையும், அது தனி லாபம். மலையில் விசிறி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்கிறது. சமவெளியில் அதை ஓட்டத் தேவையே இல்லை.

அதனால் விசிறியை எப்போது ஓட்டுவது என்பதை வெப்ப உணரி முடிவு செய்ய வேண்டும். உணரி இருக்க வேண்டிய இடம் சுருள் முனை. உறையைத் தொட்டுப் பார்த்து உள்ளே இருக்கும் சூட்டை ஊகிக்க முடியாது, சுருள் பல நிமிடம் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். 80 டிகிரியில் தொடங்கி 65-இல் நிறுத்துவது போன்ற இடைவெளி வைத்தால் விசிறி விட்டுவிட்டுத் துடிக்காது. மின்னோட்டம் சில வினாடிகள் தொடர்ந்து அதிகமாக இருந்தாலே, சூடு ஏறும் முன்பே தொடங்கிவிடுவது இன்னும் நல்லது. வண்டியை நிறுத்திய பிறகும் இரண்டொரு நிமிடம் ஓட வேண்டும். காற்று நின்றதும் சுருளில் தேங்கிய சூடு காந்தத்துக்கும் பேரிங்குக்கும் பரவும் என்பதால் அந்த நிமிடங்கள் முக்கியமானவை. விசிறியின் சுற்றைச் சொல்லும் மூன்றாவது ஒயரைக் கன்ட்ரோலர் படித்தால், விசிறி பழுதானதை உடனே கண்டு மின்னோட்டத்தை முன்கூட்டியே கட்டுப்படுத்தலாம்.

சத்தம் ஒரு குறைதான். ஓசையில்லாத வண்டியில் புளோயரின் இரைச்சல் தெளிவாகக் கேட்கும். ஏற்றத்தில் மட்டும் ஓடும் விசிறிக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடிய விலை.

வாங்குபவர் கேட்க வேண்டியது

இன்றைய விளம்பரங்களில் பெரிதாக அச்சாவது உச்சத்திறன். அது சில வினாடிகளுக்கு உரிய எண். இந்தியாவில் ஏஐஎஸ்-041 தரநிலை, மோட்டார் அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறனையும் அளக்கச் சொல்கிறது. மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமுள்ள, பதிவு தேவைப்படாத சிறு வண்டிகளுக்கான 250 வாட் வரம்புகூட அந்த அரை மணி நேரத் திறனை வைத்தே வகுக்கப்பட்டது. அரை மணி நேரம் என்பது ஒரு மலைப்பாதையின் நேரம். ஆனால் திறன் மட்டும் மலையைச் சொல்லிவிடாது, மேலே பார்த்ததுபோல் மலையில் திறன் குறைந்து முறுக்குவிசைதான் கூடுகிறது.

எனவே தயாரிப்பாளர்கள் வெளியிட வேண்டிய எண் இன்னொன்று இருக்கிறது. 40 டிகிரி வெயிலில், மணிக்கு 20 அல்லது 25 கிலோமீட்டர் வேகத்தில், இருவரை ஏற்றிக்கொண்டு, கன்ட்ரோலர் குறுக்கிடாமல் அரை மணி நேரம் ஏறக்கூடிய சரிவு எத்தனை சதவீதம்? ஓசூரிலும் சூளகிரியிலும் கிருஷ்ணகிரியிலும் வண்டி தயாரிக்கும் ஆலைகளுக்கு ஏற்காடு, கொல்லிமலை, ஏலகிரி எல்லாம் சில மணி நேரப் பயணத்தில் எட்டும் சோதனைச் சாலைகள். விசிறி உள்ள வண்டியையும் இல்லாத வண்டியையும் ஒரே நாளில், ஒரே சுமையில் ஏற்றி, சுருள் முனையின் வெப்பநிலையைப் பதிந்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுத் தந்தால் போதும். கூடுதலாக ஒரு புளோயருக்கும் ஓர் உறைக்கும் பணம் கொடுப்பதா வேண்டாமா என்பதை மலையடிவாரத்தில் வண்டி வாங்குபவர் அதைப் பார்த்துத் தாமே முடிவு செய்துகொள்வார்.